கேள்வி – பதில்: மது ஆய்வு மாநாடுகளும் நம் வீட்டுக் கவலைகளும்

மது மற்றும் பிற போதைப் பழக்கங்கள் குறித்து உலக அளவில் நடைபெறும் ஆய்வு மாநாடுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். எழுதியவர்களின் குடும்ப நலன் கருதி ஊர்ப்பெயரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

உடல் எடையைக் குறைக்கும் ஊசி குடிப்பழக்கத்தையும் நிறுத்திவிடுகிறது என்று வெளிநாட்டு மாநாட்டில் சொன்னதாகப் படித்தேன். என் தம்பி பல ஆண்டுகளாகக் குடிக்கிறான். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. அந்த ஊசியை வாங்கிப் போடலாமா? – வாசகர், மதுரை

இப்போதைக்கு வேண்டாம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தம்பிக்கு வேறு ஒரு சிகிச்சை அவசரமாகத் தேவைப்படுகிறது.

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. செமாகுளுடைடு என்ற அந்த மருந்து நீரிழிவு நோய்க்காக வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலர், சாப்பாட்டின் மீது மட்டுமல்லாமல் மதுவின் மீதும் நாட்டம் குறைந்துவிட்டதாகத் தங்கள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். இந்த வகை மருந்துகள் எலிகளின் குடியைக் குறைப்பதை ஆய்வுக்கூடங்களில் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 48 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த மருந்தையும் மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசியையும் வாரம் ஒரு முறை என 9 வாரங்கள் போட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு வேட்கை குறைந்தது. குடிக்கிற நாளில் குடிக்கும் அளவும் குறைந்தது. ஆனால் குடித்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. மேலும், அந்த 48 பேரும் சிகிச்சை கேட்டு வந்தவர்கள் அல்லர். டென்மார்க்கில் இதே குடும்பத்தைச் சேர்ந்த எக்செனடைடு மருந்தை வைத்து 127 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது வெற்று ஊசியைவிட மேலான பலன் நிறுவப்படவில்லை. உடற்பருமன் உள்ளவர்களிடம் மட்டும் குடி குறைந்தது. ஒல்லியானவர்களிடம் அதிகமாகக் குடித்த நாட்கள் கூடியே இருந்தன. நீண்ட நாள் குடித்து, சோறு இறங்காமல் உடல் வற்றிப்போனவர்களைத்தான் நம் மருத்துவமனைகளில் நாம் பெரும்பாலும் காண்கிறோம். அவர்களுக்குப் பசியைக் குறைக்கும் ஊசியைக் கடையில் வாங்கிப் போடுவது ஆபத்தான காரியம். பெரிய அளவிலான சோதனைகளின் முடிவுகள் வந்து, மருத்துவரே எழுதிக்கொடுக்கும் காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி, காலை நடுக்கத்துக்கு வருகிறேன். மது இல்லாமல் உடல் இயங்க மறுக்கும் நிலைக்கு உங்கள் தம்பி வந்துவிட்டார் என்பதையே அது காட்டுகிறது. இந்த நிலையில் இருப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்தால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுதல், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகத் தட்டிவிடுதல், கடுங்காய்ச்சல், வியர்வை என்று டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் நிலை ஏற்படலாம். உரிய சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரையே பறிக்கும். மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் சில நாட்கள் உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளும் தயாமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவதே முறை.

அதன் பிறகு மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் மருந்துகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோனுக்கு அமெரிக்காவில் 1994இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அகாம்ப்ரோசேட் ஐரோப்பாவில் அதற்கும் முன்பிருந்தே பயன்படுகிறது. 2014இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, அகாம்ப்ரோசேட் பெறும் 12 பேரில் ஒருவர், அந்த மருந்தின் பயனாகவே மீண்டும் குடிக்காமல் தப்புகிறார். நால்ட்ரெக்ஸோன் மாத்திரை பெறும் 12 பேரில் ஒருவர் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். கேட்பதற்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாம் அன்றாடம் நம்பிக்கையோடு விழுங்கும் பல மாத்திரைகளின் கணக்கு இதைவிட மேலானதல்ல. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். புதிய ஊசியைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களில் மிகப் பலருக்கு இந்தப் பழைய மாத்திரைகளின் பெயரை யாருமே சொன்னதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

நான் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. மது ஆய்வு தொடர்பான பன்னாட்டு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப விரும்புகிறேன். இத்தகைய மாநாடுகள் எப்போது தொடங்கின? அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? – வாசகி, தஞ்சாவூர்

முதல் பன்னாட்டு மாநாடு 1885இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கூடியது. அடுத்தது 1887இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில். அவை ஆய்வு மாநாடுகள் என்பதைவிட மதுவை எதிர்த்த இயக்கத்தவர், மருத்துவர், பாதிரியார், சட்டமன்றத்தார் எல்லோரும் கூடிய அரங்குகள் என்பதே பொருந்தும். சூரிக் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த ஆகுஸ்ட் ஃபோரெல் அந்த இயக்கத்தின் தூண்களில் ஒருவர். அவருடைய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பேராசிரியராகிய தம்மால் குணப்படுத்த முடியாத குடிநோயாளிகளை, அதே ஊரில் செருப்புத் தைக்கும் யாகோப் போஸ்ஹார்ட் என்பவர் குடியிலிருந்து மீட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, இது எப்படி என்று அவரிடமே கேட்டார் ஃபோரெல். நான் குடிப்பதில்லை, நீங்கள் குடிக்கிறீர்கள், வேறுபாடு அவ்வளவுதான் என்ற பொருளில் அந்தத் தொழிலாளி பதில் சொல்ல, அதன் பிறகு ஃபோரெல் தாமும் குடியை விட்டார். குடிநோயாளிகளுக்கென்று ஒரு விடுதியை நிறுவி, அதன் பொறுப்பை அந்தச் செருப்புத் தொழிலாளியிடமே ஒப்படைத்தார்.

அந்த மாநாட்டு வரிசையின் 15ஆவது கூட்டம் 1920இல் வாஷிங்டனில் நடந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. மதுவிலக்கு தோற்று 1933இல் நீக்கப்பட்ட பின்னர்தான், மதுவை நல்லது கெட்டது என்று வாதிடுவதைக் காட்டிலும் அது உடலில் என்ன செய்கிறது, எவருக்கு ஏன் அடிமைத்தனமாகிறது என்று ஆராயும் போக்கு அங்கே வலுப்பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் மது ஆய்வுக்கென ஒரு மையமும், 1940இல் ஒரு காலாண்டிதழும், 1943இல் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியும் தோன்றின. 1970இல் அமெரிக்க அரசு மது ஆய்வுக்கெனத் தனித் தேசிய நிறுவனத்தை அமைத்தது.

இன்று நீங்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை முக்கியமாக மூன்று. மது ஆய்வுச் சங்கம் என்று அழைக்கப்படும் அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் கூடுகிறது. மது குறித்த உயிர்மருத்துவ ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், இஸ்ப்ரா என்ற சுருக்கப் பெயரில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாட்டை வெவ்வேறு நாடுகளில் நடத்துகிறது. 2018இல் அது ஜப்பானின் கியோட்டோவில் நடந்தது. மூன்றாவது, பின்லாந்து சமூகவியலாளர் கெட்டில் புரூனின் பெயரால் 1987இல் அமைந்த சங்கம். அது மருந்தையும் மூளையையும் விட, சமூகத்தில் மது எப்படிப் பரவுகிறது, விலையும் விதிகளும் அதை எப்படி மாற்றுகின்றன என்பதையே ஆராய்கிறது. உயிர்வேதியியல் மாணவியாகிய உங்களுக்கு முதல் இரண்டும் ஏற்றவை.

அங்கே நடப்பதில் பெரிய அரங்கச் சொற்பொழிவுகளே செய்தியாகின்றன. உண்மையான கற்றல் போஸ்டர் அமர்வில்தான் நடக்கிறது என்பது என் கருத்து. நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய சில ஆண்டு உழைப்பு ஒரே தாளில் ஒட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் அதைச் செய்தவர் நின்றுகொண்டிருப்பார். ஓர் எலிக்கூண்டில் தண்ணீர்க் குப்பி ஒன்றும் மது கலந்த குப்பி ஒன்றும் மாட்டி, எலி எதிலிருந்து எவ்வளவு குடிக்கிறது என்று அன்றாடம் எடைபோட்டுக் குறித்த வரைபடம் ஒரு பலகையில் இருக்கும். துறையின் பெரிய பெயர்கள் வந்து நின்று, குப்பிகளின் இடத்தை நாள்தோறும் மாற்றினீர்களா, எலி ஒரே பக்கமாகப் பழகிவிடவில்லையே என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் ஓர் ஆய்வு நிற்கலாம், சரியலாம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அங்கே எவரும் தாழ்வாக நினைப்பதில்லை. கெட்டில் புரூன் சங்கத்தின் வழக்கம் இதைவிடக் கடுமையானது. முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே சுற்றுக்கு விட்டுவிட வேண்டும். எழுதியவர் சுருக்கமாகப் பேசியதும், அதைப் படித்து ஆயத்தமாக வந்த இன்னொருவர் விமர்சனம் செய்வார்.

இதிலிருந்து பிற வாசகர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மாநாட்டுச் சுருக்கம் என்பது சில நூறு சொற்களில், பெரும்பாலும் ஆய்வு முடியும் முன்பே அனுப்பப்படுவது. முழுக் கட்டுரை துறை அறிஞர்களின் பரிசீலனையில் தேறி இதழில் வெளியாகும்வரை அது சகாக்களின் கேள்விக்கு வைக்கப்பட்ட ஒன்று, அவ்வளவே. அதை "விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று தலைப்பிட்டு மறுநாளே அச்சிடுவது, போஸ்டர் பக்கத்தில் நிற்கும் அந்த மாணவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல.

என் தந்தை குடியால் இறந்தார். இது பரம்பரையாக வரும் நோய் என்கிறார்களே, என் இரண்டு மகன்களுக்கும் வந்துவிடுமா? – வாசகர், சேலம்

வந்தே தீரும் என்பது தவறு; தொடர்பே இல்லை என்பதும் தவறு. டென்மார்க்கில் கைக்குழந்தையாக இருக்கும்போதே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். குடிநோயாளிக்குப் பிறந்தவர்கள், வேறு வீட்டில் வளர்ந்தும், மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக அந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த பிற்கால ஆய்வுகள், ஒருவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பில் சுமார் பாதியை மரபு தீர்மானிக்கிறது என்று மதிப்பிடுகின்றன. மற்றப் பாதி சூழல், நண்பர்கள், கைக்கெட்டும் தூரம், தொடங்கும் வயது ஆகியவற்றின் பங்கு. இதற்கெனத் தனியாக ஒரே ஒரு மரபணு இல்லை. பற்பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் சேர்கின்றன. சீனா, ஜப்பான், கொரிய மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உள்ள ஒரு மரபணு மாற்றம் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு எளிதில் வெளியேறுவதில்லை. சிறிது குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அதனால் பலர் குடிப்பதில்லை. அதையும் மீறிக் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது.

உங்கள் மகன்களிடம் தாத்தா எப்படி இறந்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நிறையக் குடித்தும் தள்ளாடாமல் நிற்கும் திறனை இளைஞர்கள் பெருமையாக எண்ணுவார்கள். குடிநோயாளிகளின் மகன்களிடம் அத்திறன் சற்று அதிகம் காணப்படுகிறது என்பதும், அதுவே பின்னாளில் நோய் வருவதற்கான முன்னறிகுறி என்பதும் நீண்டகால ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதையும் சொல்லி வையுங்கள்.

அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும் ஆய்வுகளுக்கு மது நிறுவனங்கள் பணம் கொடுக்கின்றன என்றும் சிலர் சொல்கிறார்கள். எது உண்மை? – வாசகர், கோயம்புத்தூர்

சிறிதளவு குடிப்பவர்களுக்கு, அறவே குடிக்காதவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டியது உண்மை. 1988இல் பிரிட்டனில் 7,735 நடுவயது ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் அதில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். குடிக்காதவர்கள் என்ற பட்டியலில் உடல்நலம் கெட்டதால் குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். நோயாளிகளோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். 2019இல் சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைக் கொண்ட ஆய்வு, மேலே சேலம் வாசகருக்குச் சொன்ன முகம் சிவக்கும் மரபணுவையே அளவுகோலாகக் கொண்டது. மரபணு பிறப்பிலேயே அமைந்துவிடுவதால் நோயால் குடியை விட்டவர் என்ற குழப்பம் அதில் இல்லை. அந்த அளவுகோலில் பார்த்தபோது பக்கவாதத்துக்கு எதிரான பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. மது கூடக்கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இதயத்துக்கு என்று எவரும் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிய உங்கள் ஐயமும் நியாயமானதே. தினம் ஒரு கோப்பை குடிப்பது இதயத்தைக் காக்கிறதா என்று பார்க்க, 7,800 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு, சுமார் 10 கோடி டாலர் செலவில் ஒரு பெரும் சோதனையை அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அந்தத் தொகையில் 6 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் மது உற்பத்தி நிறுவனங்கள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தன. திட்டம் வகுக்கும் கட்டத்திலேயே ஆய்வாளர்களும் அந்த அரசு ஆய்வு நிறுவனத்தின் அலுவலர்களும் அந்தப் பணத்துக்காக மது உற்பத்தியாளர்களைச் சந்தித்துப் பேசியதைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. உள்விசாரணைக்குப் பிறகு 2018 ஜூனில் அந்தச் சோதனை அடியோடு நிறுத்தப்பட்டது. விசாரணையில் வெளிவந்ததில் என்னை மிகவும் உறுத்தியது, சோதனை அமைக்கப்பட்ட விதம்தான். இதயத்துக்கான நன்மையைக் காட்டப் போதுமான காலம் அதில் இருந்தது. புற்றுநோய் போன்ற தீமைகள் வெளிப்படப் போதுமான காலமோ ஆட்களோ இல்லை. பொய்க் கணக்கு எழுதாமலே, எதை அளப்பது, எத்தனை நாள் அளப்பது என்று தேர்ந்துகொள்வதன் மூலமே முடிவைச் சாய்க்க முடியும். மாநாடுகளில் பேசுகிறவர் எவரிடமெல்லாம் பணம் பெறுகிறார் என்பதைத் தம் முதல் சில படங்களுக்குள்ளேயே காட்டியாக வேண்டும் என்ற விதி அதனால்தான் இருக்கிறது. சில நொடிகளில் கடந்துபோகும் அந்தப் படத்தை நின்று படிக்கச் சொல்லி நான் மாணவர்களை வற்புறுத்துவதுண்டு.

விலையை உயர்த்தினால் குடி குறையும் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இங்கே விலை கூடினால் ஏழைகள் கள்ளச்சாராயத்துக்குத்தானே போவார்கள்? – வாசகர், விழுப்புரம்

ஸ்காட்லாந்தின் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். அங்கே 2018 மே 1 முதல், மதுவின் செறிவுக்கு ஏற்ப, ஓர் அலகுக்கு 50 பென்சுக்குக் கீழே எதையும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஓர் அலகு என்பது 8 கிராம் தூய மது. மலிவான, கடுமையான சரக்கின் விலைதான் இதனால் ஏறியது. விடுதியில் விற்கும் பானங்கள் ஏற்கெனவே அதைவிட விலை கூடியவை. இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள் 2020 இறுதிவரையிலான காலத்தில் 13.4 விழுக்காடு குறைந்திருந்ததாக 2023இல் மதிப்பிட்டார்கள். ஏழ்மையான பகுதிகளில்தான் பலன் அதிகம். ஆனால் அதே மதிப்பீடு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: முற்றிலும் அடிமையாகிவிட்டவர்களின் குடி தெளிவாகக் குறையவில்லை, அவர்களில் சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு குடித்தார்கள். அவர்களுக்கு விலையோடு சிகிச்சையும் வேண்டும்.

அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஸ்காட்லாந்தில் கள்ளச்சாராயம் ஒரு பெரிய சிக்கல் அல்ல. நம்மிடம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் மூளையையும் தாக்கும். அந்த மாற்றத்துக்குச் சில மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் ஒன்றுமில்லை என்றே நினைப்பார். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னாலே, அவரோடு குடித்த அத்தனை பேரையும், நன்றாக இருப்பவர்கள் உட்பட, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற முடியும். விலை, கடைகளின் எண்ணிக்கை, கள்ளச்சாராயத் தடுப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கவனிக்காமல் ஒன்றை மட்டும் திருப்புவது பலன் தராது. அதற்காக, விலையால் எதுவுமே நடக்காது என்று ஒதுக்குவதும் சரியல்ல. நாளைக்குத் தொடங்கவிருக்கும் இளைஞனை விலை தடுக்கிறது.

என் கணவர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார். கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். குழம்பில் கலந்து கொடுத்தால் தெரியாமலே நின்றுவிடும் என்று விளம்பரம் பார்த்து மாமியார் ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். இத்தனை மாநாடு நடத்துகிறவர்கள் எங்களைப் போன்ற மனைவிமாருக்கு ஏதாவது வழி சொல்லியிருக்கிறார்களா? – வாசகி, திருநெல்வேலி

சொல்லியிருக்கிறார்கள், அம்மா. அதற்கு முன் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து கலக்காதீர்கள். இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஒருவேளை அதில் டைசல்ஃபிரம் இருந்தால் இன்னும் ஆபத்து. 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்த நல்ல மருந்து அது; ஆனால் அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே நின்றுபோகும். குடிக்கக் கூடாது என்று தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுத்துக்கொள்பவருக்கு மட்டுமே அது மருந்து. தெரியாமல் விழுங்குபவருக்கு அது விஷம். உண்மை ஒருநாள் தெரியவரும்போது உங்கள் கையால் பரிமாறும் சோற்றையே அவர் நம்பாமல் போவார். அதன் பின் மருத்துவமனைக்கு அழைப்பது இன்னும் கடினமாகும்.

நோயாளி வராத நிலையில் வீட்டாருக்கு மட்டும் பயிற்சி தரும் ஒரு முறையை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸ் என்னும் உளவியலாளர் வகுத்தார். கிராஃப்ட் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். 1999இல் வெளியான ஒப்பீட்டில் குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். குடும்பத்தினர் கூடி நோயாளியை எதிர்கொண்டு வற்புறுத்தும் முறையில் 30 விழுக்காட்டினரும், வீட்டார் தங்கள் மன அமைதியை மட்டும் நாடும் முறையில் 13 விழுக்காட்டினரும், கிராஃப்ட் முறையில் 64 விழுக்காட்டினரும் நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த முறையில் நீங்கள் இன்றே கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. போதையில் இருக்கும்போது குடியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். அந்தப் பேச்சு மறுநாள் அவருக்கு நினைவிருக்காது, உங்களுக்கு மட்டுமே வலிக்கும். அவர் குடிக்காமல் வரும் மாலையில் பிடித்த குழம்பு, குழந்தைகளோடு பேச்சு, கோயிலுக்கோ கடைக்கோ சேர்ந்து போதல் என்று அந்த நேரத்தை இனிமையாக்குங்கள். குடித்து வரும் நாளில் திட்டாமல், அழாமல், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு விலகியிருங்கள். அவருடைய முதலாளிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, வாந்தியைத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள். குடியின் விளைவு அவருக்கே தெரியட்டும். பிறகு, அவராகவே வருந்தும் ஒரு பொழுதுக்காகக் காத்திருங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டதாகவோ, வயிற்று வலியால் தூங்கவில்லை என்றோ அவர் சொல்லும் காலைப்பொழுது வரும். ஒரே ஒரு தடவை டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வரலாமா, நானும் வருகிறேன் என்று அப்போது கேளுங்கள். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது மிக முக்கியம். மனம் இசையும் அந்தப் பொழுது நீடிக்காது. அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும்.

இன்னொன்று: அவர் அடிப்பவராக இருந்தால் மேலே சொன்னவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பாதுகாப்பும் குழந்தைகளின் பாதுகாப்பும்தான். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடி விழும் நாளில் எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பெரிய மருத்துவர் கிடைக்காவிட்டால் பயனில்லை என்றும் எண்ண வேண்டாம். கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு ஆலோசனைப் பயிற்சி கொடுத்து, அபாய அளவில் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வுகள்வரை பேசச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அபாய நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 விழுக்காடு. 2017இல் லான்செட் இதழில் வெளியான இந்த முடிவு பல நாட்டு அரங்குகளில் பாராட்டப்பட்டது. ஆனால் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. கோவாவில் முடிந்தது திருநெல்வேலியின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்க வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் ஊர் மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.

உடனடி உதவிக்கு, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் வெளிநோயாளிச் சீட்டுப் போதுமானது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை போன்ற நிறுவனங்களில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை தருகிறார்கள். முதல் தடவை அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாக, காலையில் நடுக்கம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாமியார் வாங்கிய அந்தப் பொடியையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.